வயல்காரன் வைத்த தீ

எங்கள் பக்கத்தில் கரும்புக்கு யார் தீ வைத்தாலும் வைத்தது வயல்காரன்தான். டீசல் நெருப்பைச் சொட்டுகிற டார்ச்சைப் பிடித்தவன் மச்சானாக இருக்கலாம், பக்கத்து வயல் கிழவனாக இருக்கலாம், கூலிக்கு வந்த எவனாகவோ இருக்கலாம். கொளுத்தப் பெர்மிட் தருகிற தீ வார்டன் வந்து நோட்டைத் திறந்து "யார் வச்சது?" என்று கேட்டால், பெர்மிட்டில் எவன் பெயர் இருக்கிறதோ அவன் ஒரு எட்டு முன்னால் வந்து "நான்தான்" என்பான். வார்டனுக்கும் விஷயம் தெரியும். பேசாமல் எழுதிக்கொள்வார். இத்தாலியிலிருந்து கப்பலேறி இந்த வடக்கு குவீன்ஸ்லாந்துக்கு வந்த எங்கள் அப்பன்மார் காலத்திலிருந்தே இதுதான் நடைமுறை. இதைப் பொய் என்று இங்கே எவனும் நினைத்ததில்லை. என் வயல், என் பெர்மிட், என் தீ.

அந்த வழக்கத்தைத்தான் ஒரு நீதிபதி ஜூரிகள் பன்னிரண்டு பேரையும் பார்த்து, மறந்துவிடச் சொன்னார். "இரண்டு முதியவர்கள் வந்து ஊர்ப் பழக்கம் என்று ஏதோ சொன்னார்கள். அது சாட்சியம் அல்ல, மனதிலிருந்து நீக்கிவிடுங்கள். முதலில் ஒன்றும் பிறகு வேறொன்றும் சொல்பவன், தன் குற்றம் தனக்குத் தெரிந்ததால்தான் மாற்றிச் சொல்கிறான்." கூண்டில் நின்றவனின் மனைவி எல்டா அன்று இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பதினாலு மாதமாக இந்த மூன்று வாக்கியமும் அவளுக்குச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம். டிராக்டர் ஓட்டும்போது வரும், மாவு பிசையும்போது வரும், ஜபம் சொல்ல உட்கார்ந்தால் அப்போதும் வரும்.

நடந்தது இதுதான். எண்பத்தாறு ஆகஸ்டில் எல்டாவின் புருஷன் துல்லியோவின் ஆற்றோரத்து வயல் வெட்டுக்கு நின்றது. வெட்டுக்கு முந்தின சாயங்காலம் கொளுத்துவோம். சோகை என்கிற காய்ந்த இலையெல்லாம் எரிந்து போனால் மெஷினுக்குச் சுளுவு, எலிக்காய்ச்சல் பயமும் இல்லை. ஐந்தரை மணிக்குக் கடல்காற்று அடங்கும், அப்போது வைக்க வேண்டும். வைக்கிறதுக்கு முன்னால் ஒருவன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு, ஹாரனை விடாமல் அடித்தபடி வயலை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். உள்ளே எவனாவது படுத்திருந்தால் எழுந்து ஓடட்டும் என்று. அன்றைக்கு யாரும் சுற்றி வரவில்லை. கரும்பு ரயில் தண்டவாள வேலைக்குத் தெற்கேயிருந்து வந்திருந்த வெய்ன் டட்லி, இருபத்தெட்டு வயது, மத்தியானமே போதையில் உள்ளே நிழலைத் தேடிப் போய்ப் படுத்துவிட்டான். மறுநாள் காலையில் வெட்டு மெஷினை நிறுத்திவிட்டு ஓட்டினவன் கீழே குதித்து ஓடியபோதுதான் உள்ளே ஒருவன் எரிந்து கிடந்தது ஊருக்குத் தெரிந்தது.

வயலில் அன்று இருந்தது இரண்டே பேர். ஒருவன் துல்லியோ. இன்னொருவன் எல்டாவின் தம்பி ரெனாட்டோ. ஒருவன் கையில் டார்ச், மற்றவன் எதிர் மூலையில் தண்ணீர் டாங்க்கோடு. போலீஸ் சார்ஜன்ட் வந்து கேட்டதும் துல்லியோ "நான்தான் வச்சேன்" என்றான். கோர்ட்டில் ஏறியதும், "வச்சது ரெனாட்டோ. நான் சுத்தி வர வண்டிய எடுக்கறதுக்குள்ள அவசரப்பட்டு வச்சுட்டான். வயல்காரன்ங்கற முறைக்கு நான் சொன்னேன்" என்றான். ரெனாட்டோ பைபிள்மேல் கையை வைத்து, "நான் டாங்க் கிட்ட நின்னேன். டார்ச் மச்சான் கையில இருந்துச்சு" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை, குறைக்கவுமில்லை.

ஜூரியில் ஒருத்தராவது கரும்பு ஊர்க்காரராக இருந்திருக்கலாம். ஒருத்தருமில்லை. கடற்கரை நகரத்துத் தையல்காரி, பாங்கிக் கிளார்க், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லோரும் சர்க்கரையைக் கரண்டியில் மட்டும் பார்த்தவர்கள். நாலு மணி நேரத்தில் வெளியே வந்து குற்றவாளி என்றார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து வருஷம்.

கோர்ட் வராந்தாவில் எல்டா தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்தாள். "ஏன்டா, இருபது வருஷம் அவரோட ஒரே தட்டுல சாப்பிட்டியேடா. இனிமே எனக்குத் தம்பி கிடையாது, போடா" என்று கத்தினாள். ரெனாட்டோ காலரை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை. அவன் மனைவி ஜாய்ஸ்தான் வந்து பிரித்தாள்.

அதற்கப்புறம் எல்டா தனி ஆளாக அந்தப் பண்ணையைப் பார்த்ததை ஊரே பார்த்தது. ரெனாட்டோவிடம் ஒரு வெட்டு மெஷின் உண்டு. இரண்டு பண்ணைக்கும் அதுதான் வெட்டிக்கொண்டிருந்தது. அதை வேண்டாமென்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வெட்டுக் கோஷ்டியைக் கூப்பிட்டாள். அவர்கள் தங்கள் வயலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் வந்தார்கள். கரும்பில் இனிப்பு இறங்கிப் போயிருந்தது. வெட்டின கட்டையில் தழைக்கிற மறுதாம்புக்கு உரம் வைக்க, வாய்க்கால் திருப்ப, பம்ப்செட் பழுதுபார்க்க எல்லாம் அவள்தான். ஜாய்ஸ் ஒரு தடவை முட்டையும் பூசணிக் கேக்கும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள். அதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் அவள் வீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தாள் எல்டா. பிப்ரவரி மழையில் அம்மா போனபோது, சவப்பெட்டி தூக்குகிறவர்கள் பட்டியலில் பாதிரியார் எழுதியிருந்த ரெனாட்டோ பெயரைப் பேனாவை வாங்கித் தன் கையாலேயே அடித்தாள். பெற்ற மகன், நாலு அந்நியர்கள் தூக்கிப் போன பெட்டிக்குப் பின்னால் சேற்றில் நடந்தான். அது கொஞ்சம் அதிகம்தான் என்று எங்களில் சிலர் பேசிக்கொண்டோம். அவளிடம் போய்ச் சொல்ல யாருக்குத் தைரியம்?

ஜூன் மாதம் ஆலையில் அரவை தொடங்கிய வாரத்தில் பிரிஸ்பேனிலிருந்து அப்பீல் வக்கீல் ஹாலரன் வந்தார். பழைய வக்கீலை எல்டா மாற்றிவிட்டிருந்தாள். இவர் வந்தபோது அவள் டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தாள். பளபளவென்ற கறுப்பு ஷூ இரண்டு பக்கத்தில் வந்து நின்றதும், "ஆலையிலிருந்து வந்தவங்கன்னா வேகன் இன்னும் ரொம்பலை, போயிட்டு நாலு மணிக்கு வாங்க" என்றாள்.

"நான் ஹாலரன், மேடம்."

"அட கடவுளே! இந்த ஷூவோட வந்தா எப்படித் தெரியும்? வாங்க, உள்ள வாங்க. அந்தத் தேரைய மிதிச்சுடாதீங்க."

சமையல்கட்டில் அடுப்பில் பொலெந்தா கிளறிக்கொண்டே கேட்டாள். சோள மாவுக் கஞ்சி இறுகுகிறவரை கையை எடுக்க முடியாது. ஹாலரன் கொசுவை விரட்டிக்கொண்டே சொன்னார்.

"மேடம், ஒண்ணு முதல்லயே புரிஞ்சுக்கணும். மேல் கோர்ட்ல உக்கார்ற மூணு நீதிபதியும் யார் தீ வச்சதுன்னு கேக்கவே மாட்டாங்க."

"பின்ன என்னத்தக் கேப்பாங்க? என் சமையலப் பத்தியா?"

"ஜூரிகிட்ட நீதிபதி சொன்னது சட்டப்படி சரியான்னு மட்டும்தான் பார்ப்பாங்க. ரெண்டு தப்பு இருக்கு. முதல் தப்பு, அந்தப் பழக்கத்தப் பத்தின சாட்சியத்தத் தள்ளினது. மனுஷன் பொய் சொல்றதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. பயத்துல சொல்வான், வெக்கத்துல சொல்வான், இங்க பழக்கத்துல சொல்றான். அத ஜூரி யோசிச்சுப் பாக்கணும்னு சொல்லாம, மாத்திச் சொன்னாலே குற்றவாளின்னு அர்த்தம்னு சொன்னது தப்பு."

"அதத்தான் நானும் பதினோரு மாசமா அடுப்புகிட்டச் சொல்லிட்டிருக்கேன். அடுத்தது?"

"அடுத்தது உங்க தம்பி."

எல்டாவின் கை ஒரு நொடி நின்று, மறுபடியும் கிளறியது.

"அன்னிக்கு வயல்ல இருந்தது ரெண்டு பேரு. ஒருத்தர் வைக்கலைன்னா மத்தவர் வச்சது. அப்படின்னா உங்க தம்பி தன் தலைய காப்பாத்திக்கச் சாட்சி சொல்லியிருக்கலாம். அந்த மாதிரி ஆள் சொல்றத நம்புறது ஆபத்து, ஜாக்கிரதைன்னு நீதிபதி ஜூரிய எச்சரிச்சிருக்கணும். எச்சரிக்கவே இல்லை. எனக்கு இதுதான் பலமான பாயிண்ட்."

"ஆபத்துன்னு அந்த மூணு நீதிபதியும் எழுதுவாங்களா? பேர் போட்டு?"

"எழுதினா பேர் போட்டுத்தான் எழுதுவாங்க."

"அப்ப அடிங்க. நல்லா அடிங்க. எங்க அம்மா பெத்த புள்ளைன்னு பாக்காதீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டில் பொலெந்தாவைக் கொட்டி, மேலே தொத்திறைச்சித் துண்டுகளைப் போட்டு அவர் முன் வைத்தாள். "சாப்பிடுங்க. வெறும் வயித்துல சட்டம் பேசினா நெஞ்செரியும்."

ஜூலையில் மேட்டு வயல் வெட்டுக்கு வந்தது. இப்போது பெர்மிட் எல்டா பெயரில். உதவிக்கு விக்கோ கிழவர் வந்தார். கோர்ட்டில் வழக்கத்தைச் சொல்லி மூக்குடைபட்ட இருவரில் ஒருவர், எழுபத்தைந்து வயதிலும் தீ என்றால் ஓடி வருகிற மனுஷன். எல்டா வண்டியில் ஹாரன் அடித்தபடி இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஊரில் எல்லோரும் இப்போதெல்லாம் இரண்டு சுற்று வருகிறோம். விக்கோ டார்ச்சைச் சாய்த்துத் தெற்கு ஓரத்தில் டீசல் நெருப்பைச் சொட்டிக்கொண்டே போனார். சோகை பிடித்து, படபடவென்று வெடித்து, பத்து நிமிஷத்தில் வயல் முழுக்க எழும்பித் தணிந்தது. கரித்தூள் வானத்திலிருந்து இறங்கி அவள் தலையிலும் தோளிலும் விழுந்தது.

வார்டன் ஜீப்பை நிறுத்தி நோட்டைத் திறந்தார். "யார் வச்சது?"

"நான்தான்" என்றாள் எல்டா.

வார்டன் எழுதிக்கொண்டு போய்விட்டார். விக்கோ டார்ச்சை அணைத்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, ஜூரிய இப்பக் கூட்டிட்டு வந்து காட்டணும். கண்ணுக்கெதிரே நான் வச்சேன், கூசாம நான்தான்ங்கிற."

எல்டாவுக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. "பாத்தீங்களா மாமா? இதுதானே அவரும் சொன்னது? இதுக்காகத்தானே ஜெயில்ல கிடக்கறாரு?" என்று அந்தக் கரி படிந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு மிச்சம் மீதி சந்தேகம் ஏதாவது இருந்திருந்தால் அதுவும் அன்றோடு போயிற்று. புருஷன் சத்தியவான், தம்பி துரோகி.

ஆகஸ்ட் கடைசியில் தீர்ப்பு வந்தது. தண்டனை ரத்து, புது ஜூரி வைத்து மறுபடி விசாரணை, அதுவரை ஜாமீன். ஹாலரன் அனுப்பிய தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு எல்டா நேரே கடைத்தெரு மளிகைக் கடைக்குத்தான் போனாள். வெள்ளிக்கிழமை பகல், பாதி ஊர் அங்கே நின்றது. ரொட்டி வாங்க ஜாய்ஸும் நின்றாள்.

"கேளுங்க எல்லாரும்" என்று எல்டா காகிதத்தை விரித்தாள். "பத்தொன்பதாம் பக்கம். 'சாட்சி ரெனாட்டோவுக்குப் பழியைத் தன்மீதிருந்து விலக்கிக்கொள்ளும் காரணம் இருந்தது. அவர் சொல்லை நம்புவது ஆபத்தானது என்று ஜூரிகளுக்கு எச்சரித்திருக்க வேண்டும்.' யாரு சொல்றது? நான் இல்லை. மூணு நீதிபதி. உன் புருஷன் வாய் ஆபத்தான வாய்னு சர்க்கார் முத்திரை குத்திக் குடுத்துருக்காங்க, ஜாய்ஸ். வீட்டுல சட்டம் போட்டு மாட்டு."

ஜாய்ஸ் ரொட்டியைப் பையில் போட்டாள். "நீங்க சரியாப் படிக்கல, எல்டா. ஆபத்துன்னு எச்சரிச்சிருக்கணும்னுதான் எழுதியிருக்காங்க. பொய்னு எழுதல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"வாயப் பாரு" என்றாள் எல்டா. கடையில் சிலர் சிரித்தார்கள். நாங்களும்தான் சிரித்தோம், இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

துல்லியோ வந்து இறங்கியபோது பாதி ஆளாக இருந்தான். கன்னம் ஒட்டி, கை வெளுத்து, கரும்புக்காரன் என்றே சொல்ல முடியாது. ஊர் கூடியது. பன்றி வெட்டினோம், ஒயின் பீப்பாயைத் திறந்தோம், விக்கோ அக்கார்டியன் வாசித்தார். எல்டா புதுச் சட்டை போட்டுக்கொண்டு எல்லோர் தட்டிலும் அள்ளி அள்ளி வைத்தாள். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, என் வீட்டுல விளக்கு வந்துருச்சு" என்று வாய் ஓயாமல் சொன்னாள். துல்லியோ மட்டும் அதிகம் பேசவில்லை. ஜெயிலுக்குப் போய்வந்தவன் அப்படித்தான் இருப்பான் என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் ஹாலரன் போன் செய்தார். மறு விசாரணை நவம்பரில். போனை வைத்துவிட்டு எல்டா மத்தியானச் சாப்பாட்டுக்கு மேஜையில் தட்டுகளை வைத்தாள். வறுத்த பாரமுண்டி மீன், தக்காளி, ரொட்டி. வெளியே ஆலை ரயில் வேகன்களைத் தட்டிக்கொண்டு போயிற்று.

"சர்க்கார் வக்கீல் என்ன சொல்லப் போறாராம் தெரியுமா?" என்றாள். "நீங்க வக்கீலப் பாத்ததுக்கு அப்புறம்தான் ரெனாட்டோ கதைய ஜோடிச்சீங்களாம். அதுக்கு முன்னாடியே யார்கிட்டயாவது சொல்லியிருந்தா அவங்க வந்து சாட்சி சொன்னா நம்ம பக்கம் கேஸ் நின்னுருமாம்."

துல்லியோ முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான். "தெரியும். ஹாலரன் ஜெயில்லயே சொன்னார். சாட்சிக்கு உன் பேரைத்தான் சொன்னேன்."

"என்னையா?"

"அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுமே உங்கிட்டச் சொன்னேன்னு சொல்லு. ரெனாட்டோ அவசரப்பட்டு வச்சுட்டான்னு."

"அன்னிக்கு நீங்க எதுவுமே சொல்லலியே. வந்தீங்க, குளிச்சீங்க, படுத்துட்டீங்க. வெட்டு மெஷின்காரன் ஓடி வந்ததே மறுநாள்தானே."

"மறுநாள்னு வச்சுக்க."

"மறுநாளும் சொல்லல. பதினோரு நாள் கழிச்சு, அந்தப் பழைய வக்கீலப் பாத்துட்டு வந்துதான் சொன்னீங்க. அப்ப நான் தோட்டத்துல துணி காயப் போட்டுட்டிருந்தேன்."

"தேதியா முக்கியம்? சொன்னது சொன்னதுதானே?"

எல்டா ரொட்டியை வைத்தாள். "ஏன் பதினோரு நாள் சொல்லல? சார்ஜன்ட்டுக்குச் சொன்னது முறைக்கு, சரி. எங்கிட்ட என்ன முறை? கட்டினவ நான். கூடப் பொறந்தவன் அவன். எங்கிட்ட ஏன் சொல்லல?"

துல்லியோ மீனில் இன்னொரு முள்ளைத் தேடினான்.

"என்னங்க, யார் வச்சது?"

"கோர்ட்டே கேக்காதத நீ ஏன் கேக்கற?"

"யார் வச்சது, துல்லியோ?"

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அது முதல் தடவை இல்லை. ஆனால் அந்தக் குரலில் கூப்பிட்டதில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"காத்து விழுந்துட்டிருந்துச்சு. சுத்தி வந்தா பத்து நிமிஷம். அதுக்குள்ள கரைக்காத்து வந்துட்டா அடுத்த வயலும் போயிரும். பதினேழு வருஷமாக் கொளுத்தறேன், ஒரு நாயி உள்ள படுத்ததில்லை. அவன் அந்த மூலையிலருந்து கத்தினான், 'மச்சான், சுத்தி வாங்க'ன்னு. நான் கை காட்டிட்டு வச்சுட்டேன்."

எல்டா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்படிப் பாக்காத. இதக் கேளு. மறுநாளே அவங்கிட்டப் போய்க் கேட்டேன். 'பாதி வயல நீ வச்சேன்னு சொல்லு, ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் வச்சோம், யார் பக்கம் அந்தாள் கிடந்தான்னு எவனாலயும் சொல்ல முடியாது, ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்'னு. முடியாதுன்னுட்டான். பைபிள் மேல கை வச்சு எப்படி மச்சான்னான். இங்க யாரு யார் தீய ஏத்துக்கல? ஊர் முழுக்க ஏத்துக்கறான். எனக்காக அவன் ஒரு தடவை ஏத்துக்கிட்டா என்ன கொறைஞ்சு போயிரும்? அப்புறம்தான் வக்கீல் கேட்டாரு, கூட யார் இருந்ததுன்னு. முதல்ல கழுத்தறுத்தது நானா அவனா, நீயே சொல்லு."

"நீதான்" என்றாள் எல்டா. "வயல்காரன் அடுத்தவன் தீய ஏத்துக்குவான். தன் தீய அடுத்தவன் மேல வைக்க மாட்டான். அது எந்த ஊர் வழக்கம்?"

"நீதிபதி சொன்னது தப்புன்னு மூணு பேர் எழுதியிருக்காங்களே."

"அவங்க எழுதினது சரிதான். நீதிபதி சொன்னதும் தப்புதான், வழக்கமும் உண்மைதான். நீ சொன்னது மட்டும்தான் பொய்." தன் தட்டைத் தள்ளி வைத்தாள். "உனக்காக ஒருத்தன் காலரப் பிடிச்சேன். கடைத்தெருவுல நின்னு கூவினேன். விக்கோ மாமாவ அத்தனை பேர் முன்னாடி அவமானப்பட விட்டேன். எங்கம்மா பெட்டி... ஐயோ, நீ ஜெயில்லருந்து ஒரு லெட்டர்ல சொல்லியிருக்கலாமேடா. ஒரே ஒரு வரி. அந்தப் பெட்டியத் தூக்கவாவது விட்டிருப்பேனே."

"சொன்னா நீ அப்பீல் போட்டிருக்க மாட்ட" என்றான் துல்லியோ.

அவன் அதை ஒளிக்காமல் சொன்னதுதான் அவளைக் கொன்றது. எழுந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "நவம்பர்ல சொல்லுவியா? எல்டா, இன்னும் நாலு வருஷம் என்னால முடியாது. அங்க ஒரு நாள் இருந்து பாரு."

"ஹாலரனுக்கு நானே போன் பண்றேன். நீ அன்னிக்கு ஒண்ணும் சொல்லலன்னு சொல்லுவேன். என்னக் கூண்டுல ஏத்தினா இதத்தான் சொல்லுவேன். ஏத்தணுமா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க."

கையை உதறிக்கொண்டு, காலில் செருப்புக்கூட மாட்டாமல் வண்டியை எடுத்தாள்.

ரெனாட்டோ கொட்டகையில் வெட்டு மெஷினின் அடிக்கத்தியைக் கழற்றித் தீட்டிக்கொண்டிருந்தான். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். நாற்பதிலேயே தலை முழுக்க நரைத்திருந்ததை எல்டா அன்றுதான் பார்த்தாள். பதினாலு மாதமாக அவன் முகத்தை அவள் நேராகப் பார்த்ததே இல்லை. ஜாய்ஸ் வீட்டு வாசலில் வந்து நின்றாள், ஆனால் இறங்கி வரவில்லை.

"சொல்லிட்டாரா?" என்று ரெனாட்டோதான் முதலில் கேட்டான். அவள் முகத்திலேயே எழுதியிருந்தது போல.

"சொல்லிட்டான்."

"ம்." அவன் அரத்தை எடுத்துக் கத்தியில் இரண்டு இழுப்பு இழுத்தான்.

"ஏன்டா எங்கிட்ட வந்து சொல்லல? வீடு தேடி வந்து, கதவ ஒடைச்சு, 'அக்கா, நான் இல்லை'ன்னு ஏன்டா கத்தல?"

"சொன்னேனேக்கா. கோர்ட்ல கை வச்சு சொன்னேன். நீ ரெண்டாவது பெஞ்சுல உக்காந்து மச்சான் முகத்தையே பாத்துட்டிருந்த. அதுக்கு மேல சத்தம் போட எனக்குத் தெரியல."

"நவம்பர்ல நான் பொய் சொல்ல மாட்டேன். அவன் கேட்டான். மாட்டேன்னுட்டேன். ஹாலரனுக்கும் சொல்லிடுவேன்."

"சொல்லு, சொல்லாமப் போ. அது உன் புருஷன் கேஸ். எனக்கு ஆக வேண்டியது ஆயிடுச்சு. மார்க்கெட்டுல ஆபத்தான வாய் வந்துருச்சுன்னு கூப்பிடறானுக. பழகிடுச்சு."

எல்டா மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். "நான் படிச்சதுதான்டா அது. நான்தான்டா படிச்சேன்."

"தெரியும்."

"என்ன வேணும்னாலும் திட்டு. அடி. அன்னிக்கு நான் காலரப் பிடிச்ச மாதிரி நீயும் பிடி."

ரெனாட்டோ அரத்தைக் கீழே வைத்தான். கையிலிருந்த எண்ணெயைச் சாக்கில் நிதானமாகத் துடைத்தான். பிப்ரவரியிலிருந்து கேட்காமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான் அவனிடம் இருந்தது போல, அதை மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, அம்மா கடைசி ஒரு வாரம் உன் வீட்டுல கிடந்தாங்களே. மூணு நாள் வந்தேன், நீ வாசக் கேட்டைப் பூட்டி வச்சிருந்த. ஆத்துப்பக்கம் நின்னு ஜன்னலப் பாத்துட்டுப் போயிடுவேன். அத விடு. அம்மா என்னைக் கேட்டாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நினைவே இல்லாமல் கிடந்தாள், யாரையும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்டதை அறிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர், ஒருத்தி மண்ணுக்குள் இருக்கிறாள்.

"கேட்டாங்க" என்றாள். "தினமும் கேட்டாங்க. காலையில எந்திரிச்சதும் கேப்பாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வரச் சொல்லி ஆள் அனுப்பினேன், நீ வரமாட்டேன்னுட்டன்னு சொன்னேன்."

அவன் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். "அத நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்க. அப்புறம் கேக்கல. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

வாசலில் ஜாய்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ரெனாட்டோ கத்தியை மறுபடியும் எடுத்து மெஷினுக்கு அடியில் படுத்தான். போல்ட்டை முறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் எல்டா நின்றாள். வெறுங்காலில் கொட்டகைத் தரையின் எண்ணெய் பிசுபிசுத்தது. அவன் மெஷினுக்கு அடியிலிருந்தே, முகம் காட்டாமல், "வீட்டுக்குப் போக்கா. நாளைக்கு அஞ்சு மணிக்கு எனக்கு வெட்டு இருக்கு" என்றான்.